படம் காட்டுகிறவர்கள்

தொலைவிலிருக்கும் நண்பர்களோடு இணையம் வழியாகப் பாத்திர ஆட்டம் ஆடுவது பற்றி இரண்டு கோஷ்டிகள் உண்டு. ஒரு கோஷ்டி ஒப்பாரி வைக்கிறது: மேஜை போயிற்று, எதிரே இருந்த முகம் போயிற்று, பகடை உருளும் சத்தம் போயிற்று, மிச்சமிருப்பது சக்கை. இன்னொரு கோஷ்டி கடை விரிக்கிறது: போனதையெல்லாம் திரையில் திருப்பித் தருகிறோம், வர்ணத்தில் வரைபடம் தருகிறோம், சுவரில் தீவட்டி வெளிச்சம் ஆடும், கதவைத் திறந்தால் கிறீச்சென்று சத்தம் வரும், மாதச் சந்தா இவ்வளவு. பார்வைக்கு இவை எதிரெதிர்க் கட்சிகள். உண்மையில் இரண்டுக்கும் ஒரே மூடநம்பிக்கை. ஆட்டம் மேஜைமேல் இருந்தது என்று இரண்டும் நம்புகின்றன. ஒன்று அது தொலைந்துவிட்டதாக அழுகிறது, மற்றது அதற்கு நகல் செய்து விற்கிறது. மேஜைமேல் இருந்தது காப்பி டம்ளரும் முறுக்குத் தட்டும்தான். ஆட்டம் ஒருநாளும் அங்கே இருக்கவில்லை என்பது என் கட்சி.

ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலைந்து பேர். ஒருவர் நடத்துகிறவர்; உலகத்தையும் அதிலுள்ள மற்ற ஜனங்களையும் பேச்சில் உண்டாக்குவது அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். 'இடிந்த கோபுரத்தின் முன்னால் நிற்கிறாய், உள்ளே யாரோ இருமுகிற சத்தம், என்ன செய்கிறாய்?' என்பார் நடத்துகிறவர். பதில் சொல்ல வேண்டும். செய்வது பலிக்குமா என்பது நிச்சயமில்லை என்றால் பகடை தீர்மானிக்கும். வென்றவர் தோற்றவர் கிடையாது, முன்பே எழுதிவைத்த வசனம் கிடையாது, பார்க்க வந்தவர்கள் கிடையாது. கேட்கிற ஒவ்வொருவரும் அடுத்த நிமிஷம் சொல்கிறவர். இந்தக் கடைசி அம்சம்தான் ஆட்டத்தின் உயிர் என்பதைப் பெரும்பாலான பிரியர்களே கவனித்ததில்லை.

சரித்திரத்தைப் புரட்டினாலே ஒப்பாரிக் கோஷ்டியின் வாதம் ஆட்டம் காண்கிறது. 1969-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரத்தில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டொன்றை நண்பர்களுக்காக ஏற்பாடு செய்தார். ப்ரௌன்ஸ்டைன் என்று ஒரு கற்பனை ஊர். படைகளோடு ஊர் மேயர், பல்கலைக்கழகத் தலைவர் போன்ற ஆட்களையும் சிலருக்குக் கொடுத்தார். ஒவ்வொருவராகத் தனி அறைக்குக் கூப்பிட்டு அவரவர் செய்கையைக் கேட்டுக்கொள்வது திட்டம். காத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. மேயராகவும் தலைவராகவுமே தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பேரம், சதி, சண்டை. விரித்துவைத்த போர்க்களம் விரித்தபடியே கிடந்தது. வெஸ்லி ஆட்டம் கெட்டுவிட்டது என்று நினைத்தார். ஆடியவர்கள் மறுபடி எப்போது என்று கேட்டார்கள். ஆக, இந்த ஆட்டம் பிறந்தது மேஜைமேல் அல்ல. மேஜையை விட்டுவிட்டு அறை மூலையில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்களிடம்.

அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னஸன் 1971-ல் 'பிளாக்மூர்' என்ற தன் கற்பனை உலகத்தில் நண்பர்களை இறக்கிவிட்டார். அதை விதிகளாக எழுதிய கேரி கைகாக்ஸ் இருந்ததோ விஸ்கான்ஸின் மாகாணத்து லேக் ஜெனீவா. இருவருக்கும் நடுவே முன்னூறு மைலுக்குமேல். கடிதமும் தொலைபேசியுமாகத்தான் அது உருவாயிற்று. 1974-ல் மூன்று சிறு புத்தகங்கள் ஒரு பெட்டியில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று வெளிவந்தது. முதல் பதிப்பு 1000 பிரதி. (நம் பத்திரிகைகள் இதைவிடக் குறைவாக அச்சடித்து இதைவிட அதிகமாகச் சண்டை போட்டிருக்கின்றன.) அதற்கும் முன்பே, 1963-லிருந்து, ஆலன் கால்ஹமரின் 'டிப்ளமசி' ஆட்டத்தைத் தபாலில் ஆடிக்கொண்டிருந்தார்கள், துரோகம் செய்வதற்குக்கூடத் தபால்தலை ஒட்ட வேண்டியிருந்தது. 1975-ல் லாஸ் ஏஞ்சலிஸில் லீ கோல்ட் என்ற பெண்மணி 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற தொகுப்பிதழை ஆரம்பித்தார். ஆடுகிறவர்கள் தங்கள் பக்கங்களை அனுப்புவார்கள், அவர் தொகுத்து எல்லோருக்கும் அனுப்புவார், போன இதழில் இன்னொருவர் சொன்னதற்குப் பதில் அடுத்த இதழில் வரும். 2025 வரை, அரை நூற்றாண்டு, அதை நடத்தினார். தொலைவில் இருப்பதால் ஆட்டம் ஊனப்பட்டது என்று அந்தப் பரம்பரை அழவில்லை. தொலைவு அதன் பிறவி நிலை.

இதைச் சொன்னால் கடைக்காரக் கோஷ்டி சந்தோஷப்படும். அவர்களுக்குத்தான் எனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

1974-ன் அந்த மூன்றாவது சிறு புத்தகத்தில் நடத்துகிறவருக்கும் ஆடுகிறவர்கள் சார்பில் பேசுகிறவருக்கும் நடக்கும் உரையாடல் ஒன்று உதாரணமாகத் தரப்பட்டிருக்கிறது. அதில் படமே இல்லை. இத்தனை அடி, இந்தத் திசை, ஒரு கதவு, ஒரு கேள்வி, ஒரு பதில். சுரங்கத்தின் வரைபடம் நடத்துகிறவரிடம் மட்டும் இருக்கும். ஆடுகிறவர்களில் ஒருவர் காதில் விழுவதைக் கேட்டுத் தாமே ஒரு வரைபடம் போட்டுக்கொள்வார். அது தப்பாக இருக்கும். தப்பாக இருந்தே ஆக வேண்டும். நடத்துகிறவர் சொன்ன 'வளைவு' வேறு, கேட்டவர் வரைந்த வளைவு வேறு, அதைப் பார்த்து மூன்றாமவர் மனதில் எழுந்த வளைவு வேறு. இந்த மூன்றுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் பயம் இருக்கிறது, தப்பித்தல் இருக்கிறது, சுவருக்குப் பின்னால் ஓர் அறை இருந்தாக வேண்டுமே என்ற சந்தேகம் இருக்கிறது. ஒரு நல்ல கவிதையின் வார்த்தை வாசகனிடம் வேலை செய்வதும் இப்படித்தான். சொன்னதற்கும் கேட்டதற்கும் நடுவில் இடைவெளி இல்லாவிட்டால் அங்கே தகவல் இருக்கும், சிருஷ்டி இராது.

மெய்நிகர் மேஜை என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள்; நான் திரைமேஜை என்றே சொல்கிறேன். அது செய்கிற முதல் காரியம் இந்த இடைவெளியை அடைப்பது. இருட்டுப் போர்வை போட்ட வரைபடத்தில் உன் ஆளை ஒரு வில்லைபோல் இழுத்துக்கொண்டு போனால், கண்ணுக்கு எட்டுகிற தூரம்வரை இருட்டு தானாக விலகும். எல்லோரும் ஒரே சுவரைப் பார்க்கிறார்கள். ஒரே ரத்தக்கறை, ஒரே நாற்காலி. நடத்துகிறவர் பேசவேண்டிய அவசியமே இல்லை; படம் பேசிவிட்டது. அதைவிட மோசம், ஆடுகிறவன் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. 'அங்கே என்ன வாசனை?' என்று படத்தைப் பார்த்து யாரும் கேட்கமாட்டார்கள். நாற்காலி காலியாக வரையப்பட்டிருந்தால் அது சற்றுமுன்வரை யாரோ உட்கார்ந்திருந்த நாற்காலியா என்று கேட்க மாட்டார்கள். வரையப்படாதது அங்கே இல்லை. கூத்தில் ஒருவன் களரியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தால் காடு கடந்தாயிற்று. காட்டைத் திரைச்சீலையில் எழுதித் தொங்கவிட்ட கம்பெனி நாடகத்தில் காடு அந்தத் திரைச்சீலை அளவுக்குச் சுருங்கிவிட்டது. நமக்கு இது தெரியாத விஷயமா?

ஆட்டம் ஆரம்பித்ததே பொம்மைப் படைகளில்தானே, அந்த முதல் பெட்டியின் அட்டையிலேயே பொம்மைகள் என்று அச்சிட்டிருக்கிறதே என்று ஒரு பண்டிதர் வருவார். அச்சிட்டிருக்கிறது. உள்ளேயே, அவை அவசியமில்லை, இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்றும் அச்சிட்டிருக்கிறது. அட்டையோடு படிப்பை நிறுத்திக்கொள்வது நம்மூர் விமர்சகர்களின் வழக்கம் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

என் சொந்த அனுபவத்தைச் சொல்லாமல் இந்த வாதம் அந்தரத்தில் நிற்கும். நாங்கள் ஐந்து பேர். இருவர் சென்னை, ஒருவர் ஸிங்கப்பூர், ஒருவர் லண்டன், ஒருவர் டொரொண்டோ. சென்னையில் சனிக்கிழமை இரவு எட்டு என்றால் ஸிங்கப்பூரில் பத்தரை, லண்டனில் பிற்பகல், டொரொண்டோவில் காலைக் காப்பி. குரல் மட்டும். முகமும் வேண்டாமென்று வைத்திருக்கிறோம். தமிழில் ஆடுகிறோம். தமிழில் ஆடுகிறபோதுதான் இந்த ஆட்டத்தின் மூலப்பொருள் எது என்று தெரிகிறது. ஆங்கில விதிப்புத்தகத்தில் ராஜாவுக்கும் குதிரைக்காரனுக்கும் ஒரே முன்னிலைச் சொல். அவர்களுக்கு அது வசதி. தமிழில் வாயைத் திறக்கிறபோதே நீயா, நீரா, நீங்களா என்று தீர்மானித்தாக வேண்டும். பாத்திரத்தின் ஜாதகம் முழுவதும் அந்த முதல் வார்த்தையில் வந்து நின்றுவிடுகிறது.

ஒரு கதையில் ஒருவர் கிழட்டு ஓடக்காரர், இன்னொருவர் பண்ணையார் வீட்டுப் பையன். மூன்று சனிக்கிழமைகள் பையன் ஓடக்காரரை 'நீ' என்றே பேசிக்கொண்டிருந்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை; அந்த ஊரில் அப்படித்தான். நாலாவது வாரம் வெள்ளத்தில் ஆற்றைக் கடக்கிறார்கள். பகடை மோசமாக விழுந்துகொண்டிருக்கிறது. 'துடுப்பை விட்டுடாதீங்க' என்றான் பையன். அவ்வளவுதான். நாலு ஊர்க் காதுகளிலும் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. லண்டன்காரர் வீட்டில் எங்கோ குழாய் சொட்டுவது கேட்டது. நடத்துகிறவர் அடுத்த பகடையைக் கேட்கவில்லை. அந்த 'ங்க'வைக் காட்ட எந்தத் திரைமேஜையில் எந்தப் பொத்தான் இருக்கிறது?

இன்னொன்று. நடத்துகிறவரிடம் 'நாங்க உள்ளே போறோம்' என்போம். அவர் அதில் சேர்த்தி இல்லை. ஒருநாள் அவர் ஒரு கலங்கரை விளக்கக் காவலாளியாகப் பேசிக்கொண்டிருந்தபோது, எங்களில் ஒருவர் அவனிடம் 'சரி, நாம போலாம்' என்றுவிட்டார். காவலாளி வருவதாக நடத்துகிறவர் எண்ணியிருக்கவில்லை. ஆனால் 'நாம' என்று சொல்லியாகிவிட்டது. விளக்கை அணைத்துவிட்டு அவன் எங்களோடு கிளம்பினான். கதை அதற்குப்பின் முழுக்க அவன் கதையாகிப் போயிற்று.

எங்கள் நண்பர்களில் ஒருவர் ஆசைப்பட்டுத் திரைமேஜை ஒன்றுக்குச் சந்தா கட்டினார். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, எல்லாம் ஒரே வார்ப்பு. நான் ஆரம்பத்திலேயே வேண்டாமென்றேன். ஆறு வாரம் ஓடியது. முதல் மணி நேரம் யாருக்கு வரைபடம் தெரியவில்லை, யாருடைய ஆள் சுவருக்குள் சிக்கிக்கொண்டான் என்பதிலேயே போகும். அதை மன்னிக்கலாம். நாலாவது வாரம் நான் கவனித்தது வேறு: மூன்று மணி நேரத்தில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இழுத்தார்கள், வைத்தார்கள், அமுக்கினார்கள். முன்பெல்லாம் 'ஏண்டா அவனைக் கொன்னே?' என்று ஆட்டத்துக்குள்ளேயே அரைமணி நேரம் தர்க்கம் நடக்கும். படத்தில் சிவப்புக் குறி விழுந்தால் அவன் செத்தான், முடிந்தது.

பகடை விஷயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் அவரவர் வீட்டில் அவரவர் பகடை. உருட்டிவிட்டு எண்ணைச் சொல்வோம். யாரும் பார்ப்பதில்லை. 'மூணு' என்று டொரொண்டோவிலிருந்து குரல் வந்தால், அது மூன்று. பதினேழு என்று அவர் சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியும்? சொல்வதில்லை. திரைமேஜையில் இயந்திரம் உருட்டும், எல்லோருக்கும் தெரியும்படி பதிவேட்டில் ஏறும். நம்பகத்தன்மை என்று இதற்கு விளம்பரம். 1960-களில் தபாலில் போர் விளையாட்டு ஆடியவர்கள் பகடைக்குப் பதிலாகச் செய்தித்தாளில் வரும் பங்குச்சந்தை எண்களைப் பயன்படுத்தினார்கள். குறிப்பிட்ட தேதி, குறிப்பிட்ட பங்கு, கடைசி இலக்கம். அவர்கள் எதிரிகளாக ஆடினார்கள், அதனால் சாட்சி வேண்டியிருந்தது. நாங்கள் எதிரிகள் இல்லையே! நண்பன் சொன்ன மூன்றுக்கு ரசீது கேட்கிற ஏற்பாட்டை வசதி என்று ஒப்புக்கொள்ளுமளவுக்கு நமக்கு என்ன வந்துவிட்டது?

இனி வியாபாரம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1997-ல் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கைக்கும், 1999-ல் அந்தக் கம்பெனியோடு சேர்ந்து ஹாஸ்ப்ரோ பொம்மைக் கம்பெனி கைக்கும் போயிற்று. 2022 டிசம்பரில் அதன் நிர்வாகிகள் முதலீட்டாளர்கள் முன்னிலையில் கணக்கு ஒப்பித்தார்கள்: இந்த ஆட்டத்திலிருந்து போதுமான காசு இன்னும் கறக்கப்படவில்லை, நடத்துகிறவர்கள் ஆடும் ஜனங்களில் ஐந்தில் ஒரு பங்குதான், செலவழிப்பவர்களில் பெரும் பங்கு அவர்கள், மற்றவர்களையும் செலவழிக்க வைக்க வேண்டும். ஒரு புத்தகத்தை வாங்கிப் பத்து வருஷம் ஐந்து பேர் பேசிக்கொண்டே இருந்தால் கம்பெனிக்கு என்ன கிடைக்கும்? பேச்சுக்கு மீட்டர் வைக்க முடியாது. படத்துக்கு வைக்கலாம். தொலைவிலிருந்து ஆடுகிறவர்கள்மேல் கம்பெனிகளுக்கு வந்திருக்கிற திடீர்ப் பாசத்தின் காரணம் இதுதான்.

இதில் நடந்த ஒரு வேடிக்கையை நம் எழுத்தாளர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 2000-லிருந்து இந்த ஆட்டத்தின் அடிப்படை விதிகளைப் பிறரும் எடுத்தாளலாம் என்று ஒரு பொது உரிமம் இருந்துவந்தது. 2023 ஜனவரியில் அதை ரத்து செய்து, கப்பம் கேட்கும் புது உரிமத்தின் நகல் வெளியே கசிந்தது. ஆடுகிறவர்கள் கொதித்தார்கள். சமாதானமாக அந்த மாதமே இன்னொரு நகலை வெளியிட்டார்கள். அதில் மற்றவர்களின் திரைமேஜைகளுக்கு ஒரு நிபந்தனை: வீட்டு மேஜையில் நடப்பதை ஒத்திருந்தால் சரி, மாய அம்பு பறந்து போய்த் தைப்பதை அசையும் படமாகக் காட்டினால் அது கற்பனையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அது வேறு ஜாதி விளையாட்டு, அனுமதி கிடையாது. நான் இவ்வளவு பக்கம் எழுதிச் சொல்கிற விஷயத்தைக் கம்பெனி வக்கீல்கள் ஒரே பத்தியில் சொல்லிவிட்டார்கள்! அதே சமயம் அந்தக் கம்பெனியே, 2022 ஆகஸ்டில் அறிவித்தபடி, அம்பும் நெருப்பும் பறக்கிற முப்பரிமாணத் திரைமேஜை ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. கற்பனையின் இடத்தைப் படம் பிடிக்கக்கூடாது என்பதல்ல அவர்கள் கொள்கை. பிடிப்பது தங்கள் படமாக இருக்க வேண்டும். எதிர்ப்புக்குப் பணிந்து 2023 ஜனவரி 27-ல் அந்த நகலைக் கைவிட்டு விதிகளைப் பொதுவில் வைத்தார்கள். அந்த முப்பரிமாண மேஜை 2025-ல் வெளிவந்தது. மார்ச் மாதத்துக்குள் அதைச் செய்தவர்களில் பெரும்பாலோரை வேலையைவிட்டு அனுப்பியாயிற்று. பல வருஷம் படம் வரைந்தவர்களின் கதி அது. ப்ரௌன்ஸ்டைனில் மூலையில் நின்று பேசியவர்களுக்கு யாரும் சம்பளம் தரவில்லை, அதனால் நீக்கவும் முடியவில்லை.

படம் காட்டுவதில் இன்னொரு வகை உண்டு, ஆடுவதையே காட்சியாக்குவது. 2015-ல் 'கிரிட்டிகல் ரோல்' என்று தொழில்முறைக் குரல் நடிகர்கள் சிலர் தங்கள் ஆட்டத்தை ஒளிபரப்ப ஆரம்பித்தார்கள். திறமைசாலிகள், மறுக்கவில்லை. 2025 ஜனவரியில் இதே மாதிரியான இன்னொரு குழு நியூயார்க்கின் மாடிஸன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் ஆடியது. பார்க்கிறவன் வந்தவுடனே கேட்கிறவன் போய்விடுகிறான். அதன்பின் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவரும் தொண்டையை மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டு, இல்லாத கேமராவுக்கு முகம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து பேருக்காக மட்டும் ஒன்றைச் செய்யலாம், அது ஐந்து பேரோடு அழிந்துபோகலாம் என்ற நினைப்பையே நாம் இழந்துகொண்டிருக்கிறோம். முன்னூறு பிரதி அச்சடிக்கிற பத்திரிகையில் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நேரில் ஆடுவதில் உள்ள சில சுகங்கள் தொலைவில் கிடையாது, வாஸ்தவம். கம்பிவழிக் குரலில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேச முடியாது. பக்கத்திலிருப்பவன் காதில் கிசுகிசுக்க முடியாது. காது கேளாத நண்பரோடு எழுத்திலேயே ஆடுகிற குழு ஒன்றை எனக்குத் தெரியும். வாக்கியம் வருவதற்குக் காத்திருப்பதில் அவர்களுக்குக் கிடைக்கும் பதற்றம் எங்களுக்குக் குரலில்கூடக் கிடைப்பதில்லை. நான் பேசுவது குரலின் கட்சி அல்ல, சொல்லின் கட்சி. வழி தெரியாமல் தவிக்கிற ஒருவருக்காக ஒரு காகிதத்தில் நாலு கோடு இழுத்துக் காட்டினால் அதுவும் பேச்சுதான். அதற்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை.

எங்கள் குழுவிலேயே ஒருவர், இவரும் எழுதுகிறவர், ஒரு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஓடக்காரர் கதை முழுவதையும் பதிவுசெய்திருக்க வேண்டும், எழுத்தில் பெயர்த்துக் கூட்டுச் சிருஷ்டி என்று இதே பத்திரிகையில் போட்டிருக்கலாம், அடுத்த கதையிலாவது செய்ய வேண்டும் என்கிறார். பெயர்த்தால் காகிதத்தில் இருக்கப்போவது 'துடுப்பை விட்டுடாதீங்க' என்ற ஒரு வரி. சுமாரான நாவலின் நாற்பதாவது பக்கத்தில் வருகிற மாதிரி. அதற்கு முந்தைய மூன்று வாரத்து 'நீ'க்களை யார் அச்சுக்கோத்துப் படிப்பது? சொட்டிய குழாயை எங்கே போடுவது? அதோடு, பதிவு ஓடுகிறது என்று தெரிந்திருந்தால் அந்தப் பையன் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பானா, அல்லது நன்றாக ஒன்று சொல்லியிருப்பானா? நால்வர் வேண்டாம் என்றோம். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. இந்தச் சனிக்கிழமையும் அதைக் கிளப்புவார்.